பிழை சொன்ன வைன் தோட்டம்

வாடகைக்கு அறை கேட்டுப் போன அன்று அண்ணை என் பெயரைக் கேட்கவில்லை. என்ன வேலை என்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மில என்ன பிழை?" என்றார்.

யோசித்தேன்.

"கதைக்கிறது குறைவு."

"அது பிழையில்லை. வேற?"

"வெள்ளிக்கிழமையில குடிப்பன்."

"குடிச்சுப்போட்டுச் சத்தம் போடுவீரோ?"

"இல்லை. படுத்திடுவன்."

"சரி. சாமானை எடுத்துக்கொண்டு வாரும்."

வீடு சிட்னியில். வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்கு நடந்து போகலாம். வீட்டுக்குப் பின்வளவில் தனியாகக் கட்டிய கிரானி ஃபிளாட். ஒரு அறை, ஒரு சின்னக் குசினி. கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் எனக்கு விடியக்காலை வேலை. படுக்க இடம் இருந்தால் போதும். எனக்கு முன்னால் ஒரு பெடியன் வந்து கேட்டானாம். தன்னில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னானாம். அவனுக்குக் கொடுக்கவில்லை.

அண்ணையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவரே அதில் ஏதும் பிழை பிடிப்பார்.

அவருக்குப் பரமட்டாவில் வேலை. புதிதாகக் கட்டின கட்டடங்களைப் போய்ப் பார்ப்பார். எங்கே வெடிப்பு, எங்கே தண்ணீர் கசியுது என்று பார்த்துச் சொல்லவேண்டும். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா சொல்வார், "அங்க சம்பளத்துக்குச் செய்யிறதை மனுசன் இஞ்ச சும்மா செய்யுது."

எது வாங்கினாலும் விற்கிறவனிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான். ஒருநாள் பிறிட்ஜ் வாங்கப் போனோம். தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். கடைப் பெடியன் கதவைத் திறந்து காட்டினான். லைட் எரிந்தது. ஒரு பொத்தானை அமத்தினான். ஐஸ் விழுந்தது. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதில என்ன பிழை?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"ஒண்டும் இல்லை சேர். திறமான சாமான்."

அண்ணை அடுத்த பிறிட்ஜுக்குப் போய்விட்டார். அதிலும் ஒன்றும் இல்லையாம். அதற்கு அடுத்ததுக்குப் போனார். பெடியனுக்கு வேர்த்துவிட்டது. மூலையில் ஒரு வயதான சேல்ஸ்காரர் நின்றார். வேலையை விட்டுப் போகிற வயது. "இது சத்தம் போடும். மாடு கத்துற மாதிரி," என்றார். அண்ணையின் முகம் மலர்ந்தது. அந்த பிறிட்ஜையே வாங்கினோம். அது மாடு மாதிரித்தான் கத்தியது. பின்வளவில் எனக்கே கேட்டது. அக்கா ஏசினார்.

"சொல்லித்தானே தந்தவன்," என்றார் அண்ணை.

ஸ்டேசனடியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அண்ணை உள்ளே கால் வைக்கும்போதே கடைக்காரர் குரல் கொடுப்பார். "அண்ணை, வடை நேற்றையான்!" மற்றச் சனம் எல்லாம் கையில் இருந்த வடையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். கடைக்காரருக்கு அதில் நட்டம்தான். ஆனாலும் சொல்வார். சொல்லாவிட்டால் அண்ணை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பார். அது இன்னும் நட்டம்.

ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று ஒருக்கால் கேட்டேன்.

"பிழையை வாயால சொல்லிப்போட்டான் எண்டால் பயமில்லைத் தம்பி. எங்க எண்டு தெரியும். ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறவனோடதான் பயம்."

என்னை அவுஸ்திரேலியாவுக்குப் படகில் ஏற்றினவனும் ஒரு பிழையும் இல்லை என்றுதான் சொன்னான். கேட்கவேண்டிய கேள்வி அப்போது எனக்குத் தெரியாது.

அவர்களுக்கு ஒரே மகள். மெல்பேர்னில் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இத்தாலிக்காரக் குடும்பம், பிறந்தது மெல்பேர்ன். நல்ல உயரம். சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டு வந்தான். அக்கா தேத்தண்ணி கொடுத்தார். அண்ணை எதிரில் கதிரையை இழுத்துப் போட்டார். மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, உம்மில என்ன பிழை?"

பெடியன் ஆளைப் பார்த்தான். பகிடி இல்லை என்று விளங்கிக்கொண்டான். "எங்க போனாலும் பிந்தித்தான் போவன்," என்றான். "மக்பைக் குருவி எண்டால் பயம்."

"அது கொத்தும். எல்லாருக்கும் பயம்தான். வேற?"

"ஃபுட்போலில எங்கட ஆக்கள் தோத்தால் அழுவன்."

"சத்தமாவோ?"

"ஓம்."

அண்ணை எழும்பி அவன் தோளில் தட்டினார். குசினிக்குள் வந்து அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "நல்ல பெடியன். குடுக்கலாம்."

பெடியனோடு பிரச்சினை இல்லை. பெடியனின் தகப்பனோடுதான்.

சம்பந்தி வீட்டுக்கு மெல்பேர்னுக்குக் காரில் போனோம். நான்தான் ஓட்டினேன். லீவில் வந்திருந்த மகள் பின்சீட்டில் இருந்து வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தமிழும் இங்கிலீசும் சேர்ந்துதான் வரும்.

"அப்பா, ப்ளீஸ். அவரிட்ட மட்டும் கேக்காதேங்கோ. ஹி இஸ் வெரி ப்ரவுட்."

"ஏன், என்ன செய்வார்?"

"அவருக்கு ஒரு பிரதர் இருக்கிறார். இவர் வீட்டில செய்த வைனைக் குடிச்சுப்போட்டுப் புளிக்குது எண்டு சொன்னாராம். தட்ஸ் ஆல். ரெண்டு பேரும் கதைச்சு எத்தனையோ வருசம். இவை எங்கட கலியாணத்துக்கும் அவரைக் கூப்பிட மாட்டினமாம்."

அண்ணை பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"புளிச்சதோ?" என்றார் அண்ணை.

"அப்பா!"

சம்பந்தி பெரிய ஆள். பெரிய மீசை. வீட்டுக்குள் ஒரு குசினி, கராஜுக்குள் இன்னொரு குசினி. கராஜுக்குள்தான் எல்லாருக்கும் சாப்பாடு. அவர் எழும்பி நின்று ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பையாகக் காட்டினார். தன்ர தக்காளிதான் மெல்பேர்னில் திறம். தன்ர எண்ணெய்தான் திறம். வைனும் தன்ரதான் திறம். எங்களுக்கு மரக்கறி தனியாகச் செய்திருந்தார்கள். அதுவும் திறமாம். அண்ணையின் வாய் திறக்கும், மூடும். மேசைக்குக் கீழே அக்கா அவருடைய காலை மிதித்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு முடியும்வரைக்கும் எடுக்கவில்லை.

பிறகு சம்பந்தி கிளாஸைத் தட்டினார். கலியாணத்துக்கு முன்னம் இரண்டு குடும்பமும் சேர்ந்து இத்தாலிக்குப் போகவேண்டும் என்றார். தன்ர தாய் தகப்பன் பிறந்த ஊரைக் காட்டவேண்டும். அதில் ஒருநாள் ஒரு வைன் தோட்டத்துக்குப் போவது. தோட்டம் சுற்றிப் பார்த்து, நிலவறை பார்த்து, கடைசியில் ருசி பார்ப்பது.

"எந்தத் தோட்டம் எண்டு," விரலை நீட்டினார், "நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும்."

விரல் அண்ணையைக் காட்டியது. சம்பந்தியின் மனைவி தூக்கின முள்ளுக்கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். பெடியனும் வாயைத் திறந்துவிட்டான். அந்த வீட்டில் தண்ணீர்ப் போத்தலைக்கூட அவர்தான் தெரிவு செய்வாராம்.

"நான் குடிக்கிறேல்லை," என்றார் அண்ணை.

"அதுதான் நல்லது. குடிக்கிறவங்கள் பொய் சொல்லுவாங்கள்."

பெரிய மரியாதை செய்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். அண்ணைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அடுத்தநாள் மலையடிவாரத்தில் த பேசின் என்ற இடத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனை முடிந்தது. மகள் தகப்பனை அங்கேயே நிற்பாட்டினாள்.

"சத்தியம் பண்ணுங்கோ. இத்தாலியில நிக்கிற நேரம் அந்தக் கேள்வி ஒருத்தரிட்டயும் கேக்கக்கூடாது."

"வைன்காரரிட்டயுமோ?"

"இஞ்ச இருந்து ஃபோனில கேளுங்கோ. அங்க போனாப் பிறகு நோ."

அண்ணை பிள்ளையாரைப் பார்த்தார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் பண்ணினார்.

கார் நிற்கிற இடத்தில் மகள் என்னிடம் தனியாக வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அங்கிள், அவர் தன்ர பிரதரையே விட்டவர். அப்பா ஏதும் கேட்டால் இட்ஸ் ஓவர். நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கோ." நான் தலையாட்டினேன். என்ன சொல்வது? யார் சொல்லிக் கேட்பார்?

சிட்னிக்கு வந்ததும் அண்ணை தேடத் தொடங்கினார். வேலை முடிந்து வந்தால் குசினி மேசையில் கொம்பியூட்டர். வைன் தோட்டங்களுக்குப் போய் வந்த சனம் எழுதியதை வாசிப்பார். ஐந்து நட்சத்திரம் போட்டதைத் தொடவே மாட்டார். ஒரு நட்சத்திரம் போட்டதைத்தான் வாசிப்பார்.

"நல்லாயிருக்கு எண்டு எழுதினவன் சொந்தக்காரனா இருப்பான். கூடாது எண்டு எழுதினவன் மினக்கெட்டு எழுதியிருக்கிறான்."

சத்தமாக வாசித்துக் காட்டுவார். ஒரு தோட்டத்தில் தேனீத் தொல்லை. இன்னொன்றில் நிலவறை குளிர். ஒன்றில் நாய் தன்னை ஒரு மாதிரிப் பார்த்தது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அக்கா சொன்னார், "நாய் வேற எப்பிடிப் பாக்கும்?"

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். மேசையில் நான்கைந்து போத்தல். எல்லாம் இத்தாலி. எந்த ஊர் வைன் எப்படி என்று தனக்குத் தெரியவேண்டுமாம். தான் குடிக்கமாட்டாராம். நான் குடித்துச் சொல்லவேண்டுமாம்.

குடித்தேன்.

"என்ன பிழை?"

"ஒண்டும் இல்லை அண்ணை."

"ஒண்டும் இல்லாமல் இராது. திரும்பக் குடியும்."

திரும்பக் குடித்தேன். அடுத்த போத்தல். அதிலும் எனக்குப் பிழை தெரியவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. "உமக்கு நாக்கு இருக்கோ இல்லையோ?" என்றார். திரும்ப ஊற்றினார். குடிக்கக் குடிக்க எல்லாமே நல்லாக இருந்தது. கடைசியில் ஏதாவது சொல்லவேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்.

"கதிரை ஆடுது."

குனிந்து பார்த்தார். கதிரையின் ஒரு கால் கட்டைதான். ஒரு கடதாசியை மடித்து அதற்குக் கீழே வைத்தார். "இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். அன்றைக்கு வைனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதன்பிறகு ரெலிபோன். எங்களுக்குப் பின்னேரம் என்றால் அங்கே காலை. ஸ்பீக்கரில் போடுவார். முதலில் ஒரு மாளிகைத் தோட்டம். இங்கிலீஸ் நன்றாகக் கதைக்கிற பெண். வாங்கோ, இரண்டு விதமான சுற்று இருக்கு, சீஸ் இருக்கு, எங்கட வைன் பரிசு எடுத்தது என்றாள்.

"அது சரி. உங்கட வைனில என்ன பிழை?"

"மன்னிக்கவேணும்?"

"பிழை. என்ன பிழை?"

"சேர், எங்கட வைனில பிழை ஒண்டும் இல்லை."

"நன்றி," என்று வைத்தார்.

அடுத்தவன் இத்தாலிப் பாசையில் கத்தினான். விளங்கவில்லை, ஆனால் விளங்கியது. அடுத்தது ஒரு கிழவர். சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் கட் பண்ணிவிட்டார். இப்படியே கிழமைக்கணக்கில் போனது. மகள் ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேட்டாள், "அப்பா, புக் பண்ணியாச்சோ? ஒரு நோர்மல் இடமாப் பாருங்கோ." பிளேனுக்கு ரிக்கெற் எடுத்தாகிவிட்டது. தோட்டம் மட்டும் இல்லை. சம்பந்தியும் கேட்டு அனுப்பினார். அக்கா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்.

கடைசியில் ஒரு மனுசி எடுத்தார். வயதான குரல். சின்ன வயதில் மெல்பேர்னில் கொஞ்சக் காலம் இருந்தவராம். இங்கிலீஸ் அப்படியே இங்கத்தைய மாதிரி.

"என்ன பிழையோ?" என்றார். "எங்க இருந்து தொடங்க? றோட் பாழ். பெரிய பஸ் வராது. வாசலில இருக்கிற தாரா வாத்து கொத்தும். தோட்டத்தைப் பாதிதான் காட்டலாம். மிச்சப் பாதி என்ர அக்காவின்ர. அவ வேலி போட்டிட்டா. ஆலங்கட்டி மழை பெய்த வருசம் ஒரு வைன் செய்தனான், புளிச்சு வினாகிரியாப் போச்சு. வெளியில ஊத்த மனம் வரேல்லை. இன்னும் வைச்சிருக்கிறன்."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது. "இதுதான்," என்று என்னிடம் சொன்னார். புக் பண்ணினார்.

இத்தாலிக்கு நான் போகவில்லை. திரும்பி வந்து அக்கா குசினியில் வைத்துச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அண்ணை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

றோட் பாழ்தானாம். வாடகைக்கு எடுத்த வான் பாதியில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி மேட்டில் ஏறி நடந்தார்கள். சம்பந்தி நல்ல சப்பாத்துப் போட்டிருந்தார், கதைக்காமல் நடந்தார். வாசலில் தாரா வந்தது. அது பெடியனைத் துரத்தியது. அவனுக்குக் குருவி என்றாலே பயம். தோட்டத்தில் கொஞ்சத் தூரம் போனதும் வேலி. அந்த மனுசி அங்கே நின்று, "இவ்வளவுதான்," என்றாராம். சம்பந்தி மீசையைக் கடித்தார். மகள் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தெரிவை அந்த மனிதர் தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்தால் எல்லாம் போச்சு.

நிலவறைக்குள் மேசை போட்டிருந்தது. அந்த மனுசி எல்லாருக்கும் ஊற்றினார். யாரும் தொடவில்லை. சம்பந்தி முதலில் குடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். பெரிதாக மூச்சு இழுத்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"ஆகா," என்றார். "பிளம்ஸ். தோல். கொஞ்சம் புகையிலை. நான் குடிச்சதிலேயே திறம்."

பெடியன் குடித்தான். இருமினான். அவனுடைய தாய் குடித்துவிட்டு கைலேஞ்சிக்குள் துப்பினார்.

அந்த மனுசி கையைப் பிசைந்தார். "அது ஆலங்கட்டி வருசத்து வைன்," என்றார். "சிட்னியில இருந்து ஃபோன் எடுத்தவர் பிழையைக் கேட்டவர். அதுதான் முதல் அதை ஊத்தினனான். நல்லதைப் பிறகு ஊத்துவம் எண்டு. வினாகிரி அது. நான் சாலட்டுக்குத்தான் விடுறது."

சம்பந்தியின் முகம் கீழே இருந்து மேலே சிவந்துகொண்டு போனதாம். கிளாஸ் கையில் அப்படியே நின்றது. அவருடைய தம்பி சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். எல்லாருக்கும் வந்தது. அண்ணையின் வாய் திறந்தது. அக்கா காலைத் தேடினார், எட்டவில்லை.

அண்ணை கேள்வி கேட்கவில்லை. தன் முன்னால் இருந்த கிளாஸை எடுத்தார். பிறந்ததில் இருந்து மதுவைத் தொடாதவர். வெளியில் எதைக் குடித்தாலும் வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்பார். அதையும் அண்ணாந்துதான் ஊற்றினார். பாதி வாய்க்குள் போனது. பாதி வெள்ளைச் சட்டையில் போனது. கண்ணால் தண்ணீர் ஓடியது. கிளாஸை வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "இதில ஒரு பிழையும் இல்லை."

அக்கா என்னிடம் சொன்னார், "முப்பது வருசம் குடும்பம் நடத்தினனான் தம்பி. என்ர சீலைக்குக்கூட அப்பிடிச் சொன்னதில்லை."

சம்பந்தி அண்ணையைப் பார்த்தார். மகன் முன்னமே அவரிடம் சொல்லியிருக்கிறான், இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று. பிழை இல்லாத சாமானை நம்பாத மனிதர், வினாகிரியைக் குடித்துவிட்டுப் பிழை இல்லை என்கிறார். சட்டையில் இருந்து சொட்டுகிறது. சம்பந்தி கையில் இருந்த கிளாஸை வைத்தார். பிறகு கதிரையில் இருந்தார்.

"எனக்கு மணமும் ருசியும் தெரியாது," என்றார். "அந்தக் கொரோனா வருத்தம் வந்து மாறினாப் பிறகு ஒண்டும் தெரியேல்லை. வைனும் தண்ணியும் எனக்கு ஒண்டுதான். ஆருக்கும் சொல்லேல்லை. அதுதான் தோட்டத்தை நீங்கள் பாருங்கோ எண்டனான்."

மகள் அழத் தொடங்கினாள். பெடியனும் அழுதான். ஃபுட்போல் இல்லாமல். ஆனால் சம்பந்தியின் மனைவி அழவில்லை. எழும்பி நின்றார்.

"அப்ப என்ர சமையல்? ஒவ்வொரு நாளும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டியே? அதுவும் பொய்யோ?"

அந்தப் பெரிய மனிதர் மேசைக்குக் கீழே போகப் பார்த்தாராம். தோட்டக்கார மனுசி ஓடிப்போய் நல்ல போத்தலைக் கொண்டுவந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. சண்டை வான் நின்ற இடம் வரைக்கும் போனது. அண்ணையும் சம்பந்தியும் முன்னால் ஒன்றாக நடந்தார்கள், மனைவிமாருக்கு எட்டாத தூரத்தில்.

கலியாணம் நடந்தது. சம்பந்தியின் தம்பியும் வந்தார். அண்ணையும் அக்காவும் வீட்டை விற்றுவிட்டு மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள். நான் இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன். அக்கா இடைக்கிடை ஃபோன் எடுப்பார். போன சனிக்கிழமையும் எடுத்தார்.

"அண்ணை எங்க அக்கா?"

"எங்க? சம்பந்தியோட வைன் பாக்கப் போயிட்டார். ஒவ்வொரு சனியும் இதுதான். யாரா ஆத்துப் பக்கம் ஒரு தோட்டம் மிச்சமில்லை."

"அண்ணை குடிக்கத் தொடங்கிட்டாரோ?"

"சீச்சீ. இவர் மணக்கிறார். அந்தாள் குடிக்கிறார்."

எனக்கு விளங்கவில்லை.

"அந்தாளுக்கு மணம் தெரியாதெல்லோ. இவர் மூக்கை விட்டு மணந்துபோட்டு என்ன மணம் எண்டு சொல்லவேணும். பிறகுதான் அந்தாள் வாயில வைக்கும். போன கிழமை ஒண்டை மணந்துபோட்டுப் பனம் பினாட்டு மணம் எண்டு சொல்லியிருக்கிறார்."

ஊரில் பனம்பழக் களியைப் பாயில் காயப்போட்டு எடுக்கிறதுதான் பினாட்டு. "அவருக்குப் பினாட்டு எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

"கண்ணாலையும் கண்டிருக்காது. கண்ணை மூடிக் குடிச்சுப்போட்டு, ஓம், பினாட்டுத்தான், நல்ல பினாட்டு எண்டு தோட்டக்காரனுக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கு."